தமிழரசி அக்காவோட கம்ப்யூட்டர் பேசாத நாலு நாள்

கம்ப்யூட்டர்ல சவுண்டு வரலைன்னதும் மொத வேலையா ஸ்பீக்கர் மண்டையில நாலு தட்டு தட்டுற மகராசனுங்களா, உங்களத்தான், கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. தட்டி வரலைன்னா ஒயரப் புடுங்கி ஊதுறீங்க. ஊதியும் வரலைன்னா மறுபடியும் தட்டுறீங்க. அப்பறம் எனக்குப் போனப் போட்டு, "நாங்க யாருமே அதத் தொடலீங்க, அதுவா நின்னுபோச்சு"ன்னு சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணாத கொறையாச் சொல்றீங்க. அதுவா நிக்கிறதுக்கு அது என்ன நம்மூரு டவுன் பஸ்ஸா?

ரிப்பேர் தொழில்ல ஒண்ணு மட்டும் நிச்சயம்: கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, அதச் சுத்தி நிக்கிறவங்கதான் சொல்லுவாங்க.

நான் யாருன்னா, திருச்சிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜுல அஞ்சு செமஸ்டர் படிச்சவன். அதுக்கு மேல படிக்க எனக்கு ஆசைதான், வாத்தியாருங்க உடம்பு தாங்கல. இப்ப பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு பக்கத்துல குமரேசன் அண்ணன் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில வெளியூர் போற ஆளு. பையில ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு பென்சில் ரப்பர். சிரிக்காதீங்க. கம்ப்யூட்டருக்குள்ள சொருகுற கார்டு எல்லாத்துக்கும் அடியில தங்கக் கலர்ல பல்லு வரிசை இருக்கும். அதுல அழுக்கு ஏறுனா கார்டு இருக்கறதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ரப்பர் வெச்சு நாலு தேய் தேய்ச்சா தெரிஞ்சுரும். நம்ம தொழில்ல பாதி இந்த ரப்பருதான், மீதி வாயி.

ஆயுத பூஜை முடிஞ்ச அடுத்த வாரம், ஊரு ஒலகத்துல இருந்த சவுண்டு கார்டு எல்லாம் பேசி வெச்ச மாதிரி படுத்துக்கிச்சு. அந்த வாரத்துக் கூத்துதான் இது.

என் ஆளு பேச மாட்டேங்கறான்

செவ்வாக்கெழம காலையில கடையத் தொறந்து இன்னும் ஊதுபத்தி கூட ஏத்தல, ஜெயங்கொண்டத்துலேருந்து தமிழரசி அக்கா போன். அக்காவுக்குப் பொறந்ததுலேருந்து கண்ணு தெரியாது. அவங்க கம்ப்யூட்டர்ல ஒரு சாப்ட்வேர் இருக்கு. திரையில என்ன இருக்கோ அத வாய்விட்டு வாசிக்கும், எந்தப் பட்டனத் தட்டுனாலும் என்ன எழுத்துன்னு சொல்லும். அந்த ஆம்பளக் கொரலுக்கு அக்கா வெச்ச பேரு 'என் ஆளு'. "தம்பி, என் ஆளு நேத்துலேருந்து வாயத் தொறக்கல. ஸ்பீக்கரும் மாத்திப் பாத்தாச்சு"ன்னாங்க. நமக்கெல்லாம் சவுண்டு போனா பாட்டு போச்சு, அவ்வளவுதான். அக்காவுக்கு சவுண்டு போனா கம்ப்யூட்டரே போச்சு.

அதுவும் சாதாரண வாரம் இல்ல. சென்னையில ஒரு கம்பெனி, ஆடியோவக் கேட்டு தமிழ்ல டைப் அடிச்சுக் குடுக்குற வேலைக்கு ஆளு எடுக்குது. ஒரு மணி நேர ஆடியோவ சாம்பிளுக்கு அனுப்பியிருக்காங்க. வெள்ளிக்கெழம சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள அடிச்சு அனுப்பிட்டா, வூட்ல உக்காந்தபடியே மாசச் சம்பளம். அஞ்சு மணி தாண்டுனா அடுத்த ஆளு. போன்ல பண்ணலாம்னா அவங்க குடுத்த சாப்ட்வேரு கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் ஓடுமாம். "எட்டு வருஷமா அரசாங்கப் பரிட்சையா எழுதிக்கிட்டு அண்ணன் வூட்ல சாப்புடுறேன் தம்பி. இது பரிட்சை இல்ல, வேலை. என்ன செய்வியோ செய்யி"ன்னாங்க.

நான் என்ன செஞ்சேன்? மனப்பாடமா இருக்கற கேள்வியக் கேட்டேன். "யாராச்சும் ஈரத்துணி போட்டுத் தொடச்சீங்களாக்கா?" பின்னாடி அவங்க அண்ணி கொரலு, "விஜயதசமி பூசைக்கு நான்தான் லேசாத் தொடச்சேன்"னு சன்னமாக் கேட்டுச்சு. முடிஞ்சுது, ஆளு சிக்கிடுச்சு! அடுத்ததா, வாய் இருக்கே, "அக்கா, டிவைஸ் மேனேஜரத் தொறந்து மஞ்சக் கலர்ல ஆச்சரியக்குறி தெரியுதான்னு பாருங்க"ன்னுட்டேன். சொன்னதுக்கு அப்பறந்தான் யாருகிட்ட சொல்றோம்னு ஒறைச்சுது. அப்பறம் அக்கா சொன்னாங்க:

"நான் பாத்துச் சொல்றேன் தம்பி, நீ மொதல்ல எனக்கு மஞ்சக் கலருன்னா எப்புடி இருக்கும்னு போன்லயே சொல்லிக் குடு."

குளவி வூடு

உடனே ஜெயங்கொண்டம் போயிருக்கலாம். ஆனா அன்னிக்கு செட்டிகுளத்துல ஒரு போட்டோ ஸ்டுடியோ மொதல்ல சொல்லி வெச்சிருந்துச்சு, "புக்கிங் வரிசைல போடா"ன்னு குமரேசன் அண்ணன் வண்டி சாவியத் தூக்கிப் போட்டாரு. ஸ்டுடியோ, வூடு ரெண்டும் ஒண்ணுதான். முன்னாடி ரூமுல போட்டோ, பின்னாடி ரூமுல சாம்பாரு. கல்யாண வீடியோ எடிட் பண்ற கம்ப்யூட்டர்ல சவுண்டு இல்ல. பின்னாடி திருப்பிப் பாக்குறேன், ஸ்பீக்கர் ஒயர் சொருகுற ஓட்டையில செம்மண்ணு அப்பியிருக்கு. குளவிக் கூடு! ஒரு வாரம் ஒயரப் புடுங்கி வெச்சிருக்காங்க, அதுக்குள்ள குளவி வந்து வாஸ்து பாத்து வூடு கட்டி குடி வந்துருச்சு.

ஸ்க்ரூடிரைவர எடுத்துக் குத்தப் போனேன். ஸ்டுடியோக்காரர் சம்சாரம் கரண்டியோட ஓடியாந்து கையப் புடிச்சுக்கிச்சு. குளவி வூட்டுக்குள்ள கூடு கட்டுனா அந்த வூட்ல புள்ள பொறக்கும்னு நம்ம பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கா, அதுவும் அவங்க மருமவளுக்கு அப்பத்தான் மூணு மாசம். ஸ்டுடியோக்காரரு, "ஏம்மா, சனிக்கெழம வீடியோ குடுக்கணும், பார்ட்டி கத்துவான்"ங்கறாரு. அந்தம்மா காதுலயே போட்டுக்கல. கடைசியில பொட்டிக்கு முன்பக்கம் இருக்கற சின்ன ஓட்டையில ஸ்பீக்கர மாட்டிவிட்டு, குளவிக்கு எடைஞ்சல் இல்லாம கெளம்புனேன். கெளம்பும்போது அந்தம்மா கரண்டிய நீட்டிச் சொல்லுச்சு:

"கல்யாணத்துல பேசுனத யாரு தம்பி கேக்கப் போறா, கூட்டுல கைய வெச்சிருந்தேன்னு வெச்சுக்க, என் பேரனுக்கு நீதான் பதில் சொல்லியிருக்கணும்."

பூச்சு வேலை

புதன்கெழம காலையில ஜெயங்கொண்டத்துக்குன்னுதான் பஸ் ஏறுனேன். அரியலூர் தாண்டறதுக்குள்ள குமரேசன் அண்ணன் போன்: "போற வழிதானடா, அந்த லாரி ஆபீஸ ஒரு எட்டு பாத்துட்டுப் போயிரு." சிமெண்டு லாரி அனுப்புற ஆபீசு அது. அங்க மேனேஜருக்குப் பழைய பாட்டு ஓடலைன்னா கை எழுதாது. ரெண்டு நாளா பாட்டு இல்ல, வாசல்ல லாரி வரிசை கட்டி நிக்குது.

பொட்டியத் தொறந்தா உள்ள மதர்போர்டும் இல்ல, கார்டும் இல்ல, வெறும் சாம்பல் கலர் மெத்தை. பிரஷப் போட்டுத் தள்ளத் தள்ள ஒவ்வொரு சாமானா வெளிய வருது. சவுண்டு கார்டு பாதி கழண்டு தொங்குது. லாரி போற அதிர்வுல தானா நகந்து வந்துருக்கு. நல்லா அழுத்தி உக்கார வெச்சு, மிச்ச தூசிய வாயால ஒரு ஊது ஊதுனேன். நேரா எதிர்ல நின்ன மேனேஜர் வெள்ளைச் சட்டை மேல போயி உக்காந்துச்சு. பாட்டு வந்துருச்சு, ஆனா அவரு பாட்டக் கேக்கல, சட்டையையே பாத்துக்கிட்டு நின்னாரு:

"ஏப்பா, நான் ஊருக்கெல்லாம் சிமெண்டு அனுப்புறவன், நீ எனக்கே பூச்சு வேலை பாக்குறியா?"

நான் மாட்டுனது, அதுல கோளாறு வராது

ஜெயங்கொண்டம் போய்ச் சேரும்போது மணி மூணு. கதவத் தொறந்தது அண்ணி. நானும் அவங்கள அண்ணின்னுதான் கூப்புடுவேன். மூஞ்சி சரியில்ல. என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடியே புரிஞ்சுது, அக்கா அவங்ககூட பேசுறதில்ல. தண்ணி வேணும்னா கூட, "தம்பி, அங்க யாராச்சும் இருந்தா ஒரு சொம்பு தண்ணி குடுக்கச் சொல்லு"ங்கறாங்க. வூட்ல மொத்தமே மூணு பேரு. அதுல அண்ணன் பிரைவேட் பஸ்ல கண்டக்டரு, பொழுதன்னிக்கும் பஸ்லதான் இருப்பாரு. மிச்சம் இருக்கற ரெண்டு பொம்பளைங்களுக்குள்ள கம்ப்யூட்டரு பூந்து பேச்ச நிறுத்திருச்சு. என் ஒரு கேள்விக்கு அவ்வளவு பவரு.

பொட்டியப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன். போன வருஷம் இடி விழுந்ததுல மதர்போர்டோட சொந்த சவுண்டு கருகிப்போச்சு. அதுக்கு பதிலா தனியா ஒரு சவுண்டு கார்டு சொருகிக் குடுத்திருந்தோம். ஆயுத பூஜைக்கு முன்னாடி சர்வீஸுக்குன்னு அவங்க அண்ணன் பஸ் பேனட் மேல வெச்சு எடுத்தாந்து எங்க கடையில எறக்குனாரு. கழட்டித் தொடச்சு, திரும்ப மாட்டுனது நான்தான். இப்ப கம்ப்யூட்டர்ல பாக்குறேன், சவுண்டு கார்டுன்னு ஒண்ணு இருக்கற அடையாளமே இல்ல. மஞ்சக் குறி இருந்தாலாவது கார்டு இருக்கு, கோளாறுன்னு அர்த்தம். பேரே இல்லைன்னா பொட்டியத் தொறந்து கார்டக் கழட்டிப் பாக்கணும். அது நம்ம தொழில்ல மொத நாளு சொல்லிக் குடுக்கற பாடம்.

நான் தொறக்கல. ஏன்னா மாட்டுனது நான், நான் மாட்டுனதுல எப்புடிக் கோளாறு வரும்? சவுண்டு கார்ட ஓட்டுற டிரைவர்ங்கற சாப்ட்வேர அழிச்சேன், திரும்பப் போட்டேன். ஆறு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். ஸ்பீக்கர் மண்டையில, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, ரெண்டு தட்டும் தட்டுனேன். கடைசியில எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா விண்டோஸ் போடலாமான்னேன். அக்கா அலறிட்டாங்க, அவங்க ஆளும் போயிருவான், கம்பெனி சாம்பிளும் போயிரும். சரின்னு எழுந்து, டாக்டரு மாதிரி கையத் தொடச்சுக்கிட்டு, "ஈரம் எறங்கி மதர்போர்டு போயிருக்கும்க்கா, திருச்சியிலேருந்து வரணும், ரெண்டு மூணு நாள் ஆகும்"னு சொன்னேன். சமையக்கட்டுல அண்ணி ஒரு பாத்திரத்த டங்குன்னு வெச்சாங்க. அக்கா கையக் கீபோர்டு மேல வெச்சு, எந்தப் பட்டனையும் அமுக்காம சும்மா தடவுனாங்க:

"ரெண்டு மூணு நாள்னா சனிக்கெழம தம்பி, சனிக்கெழம என் ஆளு பேசி எனக்கு என்ன, தாலாட்டா பாடப் போறான்?"

ரோஸ் ஓட்டை

வியாழக்கெழம ஆண்டிமடத்துல ஒரு முந்திரி வியாபாரி. ஆண்டிமடம் போற பஸ் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிஷம் நின்னுச்சு. எறங்கி நடந்தா அக்கா வூடு அஞ்சு நிமிஷம். நான் ஜன்னல் ஓரமா உக்காந்து கடல மிட்டாய் தின்னேன்.

முந்திரிக்காரரு வெளிமாநிலப் பார்ட்டிகிட்ட வீடியோ கால்ல வெலை பேசுறவரு. பார்ட்டி பேசறது கேக்கல, இவரு பாட்டுக்கு தலைய ஆட்டி ஆட்டி அஞ்சு மூட்டைய அவன் கேட்ட வெலைக்கே குடுத்துட்டாரு. "சவுண்டு கார்டு அவுட்டு சார்"னு மூஞ்சியப் பாத்ததுமே தீர்ப்பு சொன்னேன். எங்க கடையில விரல் சைஸுல, யூஎஸ்பி ஓட்டையில சொருகற குட்டி சவுண்டு கார்டு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. கையோட எடுத்தாந்திருந்தேன், மாட்டுனேன், சவுண்டு வந்துச்சு, பில்லும் போட்டாச்சு. கெளம்பும்போது பின்னாடி எட்டிப் பாக்குறேன், ஸ்பீக்கர் ஒயரு ரோஸ் கலர் ஓட்டையில கெடந்திருக்கு. அது மைக்கு ஓட்டை. பச்ச ஓட்டையில மாட்டியிருந்தா முடிஞ்சுது, கார்டே தேவையில்ல. இதச் சொன்னா பில்லக் கிழிச்சுருவாருன்னு வாய மூடிக்கிட்டேன். அவரு குஷியா ஒரு கை முந்திரிய அள்ளி என் பாக்கெட்டுல போட்டுட்டு சொன்னாரு:

"வேலைக்காரன்னா நீதான்டா வேலைக்காரன், தொட்ட ஒடனே நோவு எங்கன்னு சொல்லிட்ட!"

முதுகு சொறியற ஸ்க்ரூடிரைவர்

சாயந்தரம் கடைக்கு வந்து குமரேசன் அண்ணன்கிட்ட வீரப்பிரதாபம் எல்லாம் சொல்லி, அவருக்கு ஒரு பங்கு முந்திரியும் குடுத்தேன். தின்னுக்கிட்டே கேட்டாரு, "ஜெயங்கொண்டத்துப் பொண்ணு என்னடா ஆச்சு?" மதர்போர்டுன்னேன். "கார்டக் கழட்டிப் பாத்தியா?" இல்லண்ணே, நான் மாட்டுனதுதானேன்னேன். தின்னுறத நிறுத்திட்டாரு. "சரி, அதுக்குள்ள அந்த குட்டி யூஎஸ்பி கார்ட மாட்டிவிட்டுருந்தா அந்தப் பொண்ணு வேலையப் பாத்திருக்குமேடா. அது எங்க?"

எங்கன்னு சொன்னேன். மத்தியானம் முந்திரிக்காரருக்கு வித்த கதைய, அந்த ரோஸ் ஓட்டைய மட்டும் விட்டுட்டு. அண்ணன் என் பையத் தலகீழாக் கொட்டி, அதுலேருந்து ஸ்க்ரூடிரைவரப் பொறுக்கி என் கையில வெச்சாரு:

"நாளைக்கு மொத பஸ்ஸுக்கு அங்க நிக்கிற, பொட்டியத் தொறக்குற, இதுக்குன்னுதான் இது, முதுகு சொறியறதுக்கு இல்ல."

எந்த ஊரு சந்தனம்

மொத பஸ்ஸு அரியலூர் ரயில்வே கேட்டுல முக்கா மணி நேரம் நின்னுச்சு. ரெண்டாவது பஸ்ஸு டயர் பஞ்சரு. பதினோரு மணிக்கு அக்கா வூட்ல நுழைஞ்சேன். அக்கா தலைமுடிய இழுத்துக் கட்டிக்கிட்டு, சளி புடிச்ச மூக்க சிந்திக்கிட்டு, பேசாத கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்காங்க. "ஆறு மணி நேரம் இருக்கு தம்பி"ன்னாங்க. அண்ணி பக்கத்துல வராம வாசப்படிகிட்டயே காப்பி டம்ளரோட நின்னாங்க.

நாலு ஸ்க்ரூவக் கழட்டுனேன். கார்டப் புடிச்சு மெதுவா உருவுனேன். தங்கக் கலர் பல்லு வரிசை மேல, மூணு விரல் பட்டையா, காஞ்சு வெடிச்ச மஞ்சளா ஒண்ணு அப்பியிருக்கு. நடுவுல செவப்பா ஒரு பொட்டு. பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு. ஆயுத பூஜை அன்னிக்கு குமரேசன் அண்ணன், "ஸ்க்ரூடிரைவர்லேருந்து எல்லாத்துக்கும் பொட்டு வைடா"ன்னாரு. எங்க கடை வழக்கம் அது. மேசை மேல என்ன இருக்கோ எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம். அன்னிக்கு மேசை மேல கழட்டித் தொடச்சு வெச்சிருந்த அக்கா கார்டும் இருந்துச்சு. நான் பக்தியில ஒரு கொறையும் வெக்கல. அடுத்த நாள் ஞாயித்துக்கெழம, விஜயதசமி, அவங்க அண்ணன் பஸ்ஸ நிறுத்தி ஆரன் அடிக்கறாருன்னு அவசரத்துல அப்படியே சொருகுனேன், ஆன் பண்ணேன், ஸ்க்ரீன்ல படம் வந்துச்சு, குடுத்து அனுப்பிட்டேன். ஸ்பீக்கர மாட்டி சவுண்டு வருதான்னு பாக்கல. கண்ணு தெரியாதவங்க கம்ப்யூட்டர கண்ணால மட்டும் பாத்து ஓகே பண்ணி அனுப்புன மகான் நான்.

"என்ன தம்பி, என்ன தெரியுது?"ன்னாங்க அக்கா. கையால கார்ட மறைச்சுக்கிட்டேன், யாருகிட்டேருந்து மறைக்கறேன்னு கூட யோசிக்கல. "தூசிக்கா"ன்னேன். ரப்பர எடுத்துத் தேய்ச்சேன். பல்லு பளபளன்னு ஆச்சு. கார்ட உக்கார வெச்சு, ஆன் பண்ணி, ஸ்பீக்கர மாட்டுனேன். ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். அப்பறம் அந்தக் கொரலு கணீர்னு, "ரீசைக்கிள் பின்"னு சொல்லுச்சு. நாலு நாள் பேசாதவன் மொத வார்த்தையா குப்பைத்தொட்டியக் கூப்புடறான். அக்கா ரெண்டு கையையும் கீபோர்டு மேல வெச்சு, "யாரும் மூச்சு விடாதீங்க, என் ஆளு பேசட்டும்"னுட்டு ஹெட்போன மாட்டிக்கிட்டாங்க. நான் பையக் கட்டறேன். அண்ணி வந்து காப்பிய வெச்சுட்டு, கீழ கெடந்த ரப்பர எடுத்துப் பாத்தாங்க. மஞ்சளா இருந்துச்சு. மூக்குகிட்ட கொண்டு போனாங்க. அக்கா காதுல விழாத மாதிரி, ரொம்ப மரியாதையா கேட்டாங்க:

"தம்பி, எங்க வூட்டு பூசைக்கு மஞ்சளும் குங்குமமுந்தான், சந்தனம் வாங்கறதே இல்ல, இது எந்த ஊருலேருந்து பஸ் ஏறி வந்துச்சு?"

அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம்

எனக்கு வாயில வார்த்தை வரல. என்னத் தெரிஞ்சவங்க யாரும் இத நம்ப மாட்டாங்க. காலேஜுல பிரின்சிபால் முன்னாடி நிக்கும்போது கூட ரெண்டு ஜோக்கு அடிச்சவன் நான். அண்ணி சத்தம் போடல. "நாலு நாளா எங்கிட்ட அவ மூஞ்சி குடுத்துப் பேசல. நான் சொன்னா நாத்தனாருக்கும் அண்ணிக்கும் சண்டைம்பாங்க. அவ முடிக்கட்டும். முடிச்சதும் நீயே சொல்லு. அது வரைக்கும் நீ இங்கேருந்து நகரக் கூடாது"ன்னாங்க. ரப்பர புடவை முந்தியில முடிஞ்சுக்கிட்டாங்க.

உக்காந்திருந்தேன். அக்கா டைப் அடிக்கறத அன்னிக்குத்தான் பாத்தேன். ஆடியோவுல யாரோ ஒரு விவசாய ஆபீசரு உரத்தப் பத்தி முனகறாரு. காலுகிட்ட இருக்கற ஃபேனு சத்தத்த விட வேகமா கீபோர்டு ஓடுது. நிதானமா மூணு நாள்ல பண்ண வேண்டியத ஒரே மூச்சுல பண்றாங்க. நடுவுல அண்ணி கொண்டாந்து வெச்ச சாப்பாடு அப்படியே ஆறிப்போச்சு. எனக்கும் போட்டாங்க, வெண்டக்கா கொழம்பு, அப்பளம். திட்டறவங்க கையால சாப்புட்டுருக்கேன், திட்டாதவங்க கையால சாப்புடறது அத விடக் கஷ்டம். ரெண்டாவது தடவ போட்டுக்கிட்டேங்கறது வேற விஷயம்.

அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்ப அக்கா ஹெட்போனக் கழட்டுனாங்க. "போயிருச்சு தம்பி"ன்னாங்க. சிரிக்கறாங்க, மூக்கு ஒழுகுது. அண்ணி என்னையே பாக்கறாங்க. நான் எழுந்து நின்னு, "அக்கா, ஒரு விஷயம்"னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அக்கா என் கையத் தேடிப் புடிச்சுக்கிட்டாங்க, "நீ இல்லன்னா இன்னிக்கு நான் இல்ல தம்பி"ன்னாங்க. வெளிய அவங்க அண்ணன் பஸ்ஸு ஆரன் அடிச்சுச்சு. "பஸ் வந்துருச்சுக்கா, போயிட்டு வரேன்"னு பையத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். படிக்கட்டுல ஏறும்போது அண்ணன் டிக்கெட் போடாம முதுகுல தட்டிச் சொன்னாரு:

"என் பொண்டாட்டி கெடுத்தத நீ சரி பண்ணிட்ட தம்பி, உங்கிட்ட போயி டிக்கெட்டு வாங்குவனா?"

நல்ல சேதி

அடுத்த புதன்கெழம அக்கா போன். வேலை கெடைச்சிருச்சு. சாம்பிளப் பாத்துட்டு ஒரு தப்பு கூட இல்லைன்னாங்களாம், மொத மாசத்துலேருந்தே சம்பளமாம். அண்ணன்கிட்ட மொதச் சம்பளத்துல என்ன வாங்கித் தரணும்னு கேட்டாங்களாம், அவரு அழுதுட்டாராம். எனக்கும் கண்ணு கொஞ்சம் கலங்குச்சு, அத சும்மா சொல்லல. அப்பறம் அக்கா, "அண்ணிகிட்ட இப்ப பேசிட்டேன் தம்பி, மன்னிச்சு விட்டுட்டேன். ஆனா இனிமே துணிய எடுத்துக்கிட்டு கம்ப்யூட்டர் இருக்கற ரூமுப் பக்கமே வரக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்"னாங்க. சொல்றதுக்கு இத விட நல்ல நேரம் கெடைக்காது. வாயத் தொறந்தேன். "நல்லதுக்கா"ன்னேன்.

பின்னாடி அண்ணி கொரலு கேட்டுச்சு. அக்கா அத வாங்கி எனக்குச் சொன்னாங்க, எதுக்குன்னு புரியாம, சிரிச்சுக்கிட்டே:

"தம்பிய ஒரு நாளு வூட்டுக்கு வரச் சொல்லு, அதுக்குன்னே சந்தனம் வாங்கி அரைச்சு வெச்சிருக்கேன்னு அண்ணி சொல்றாங்கப்பா."

போகல. ஜெயங்கொண்டம் கம்ப்ளெயிண்டு வந்தா குமரேசன் அண்ணன்கிட்ட வயித்து வலின்னு சொல்லிடறேன். அதனால ஒடைச்சே சொல்லிடறேன் கேட்டுக்கங்க: அந்தக் கார்டுல சந்தனத்த அப்புனது நான், சவுண்டு வருதான்னு பாக்காம அனுப்புனது நான், பழிய அண்ணி தலையில கட்டுனதும் நான். அந்த வாரம் பேச வேண்டிய நேரத்துல வாயத் தொறக்காம கெடந்தது ரெண்டு, அதுல கம்ப்யூட்டர மட்டுந்தான் நான் சரி பண்ணேன்.